வழிகாட்டுவதும் வைத்தியம்தான்

அமெரிக்காவில் புதிதாகக் குடியேறும் ஒருவருக்கு, முன்பே அங்கு போனவர்கள் சொல்லும் முதல் அறிவுரைகளில் ஒன்று, இன்சூரன்ஸ் இல்லாமல் மருத்துவமனைப் பக்கம் போய்விடாதே என்பது. அடுத்தது, இன்சூரன்ஸ் இருந்தாலும் விசாரித்துக்கொண்டு போ என்பது. இரண்டும் பட்டறிவில் வந்தவை. ஆனால், இரண்டுக்கும் அடியில் ஒரு நினைப்பு கிடக்கிறது: அந்த நாட்டின் மருத்துவ அமைப்பைக் கற்றுத் தேறுவது வந்தவரின் பாடு, தெரியாமல் பணத்தை இழந்தாலோ உடம்பைக் கெடுத்துக்கொண்டாலோ குற்றம் அவருடையது. இந்த நினைப்பு நியாயமற்றது என்பதே என் வாதம். எந்த மருத்துவரிடம், எந்த வரிசையில், எந்தக் காகிதத்தோடு போனால் சிகிச்சை கிடைக்கும் என்று நோயாளிக்குச் சொல்லித்தருவது சிகிச்சையின் ஒரு பகுதி. ஊசிக்கும் மருந்துக்கும் பணம் வாங்குகிறவர்கள், அந்த ஊசி வரை நோயாளியைக் கொண்டுவந்து சேர்க்கும் கடமையையும் ஏற்க வேண்டும். தாமாக ஏற்காவிட்டால் சட்டம் அவர்களை ஏற்க வைக்க வேண்டும்.

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து திட்டமிடவில்லை. 1929இல் டல்லஸ் நகரின் பெய்லர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சை தருவதாக ஒப்பந்தம் செய்தது. பின்னாளைய புளூ கிராஸ் நிறுவனங்களுக்கு அதுவே விதை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆள் கிடைக்காத முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்து ஆள் பிடித்தார்கள். 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் அந்தச் சலுகைக்கு வரிவிலக்கை உறுதிசெய்தது. அன்று முதல் வேலையும் காப்பீடும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்டு என்ற இரண்டு அரசுத் திட்டங்கள் 1965இல் வந்தன. இரண்டிலும் விடுபட்டவர்களுக்காக 2010இல் ஒபாமா காலத்துச் சட்டம் வந்தது. இப்படி அவ்வப்போதைய தேவைக்காக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தவைதான் எல்லாம். ஒருவருக்கு என்ன காப்பீடு கிடைக்கும் என்பதை அவருடைய வயது, வருமானம், வேலை, வசிக்கும் மாநிலம் ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. குடியேறிகளுக்கு ஐந்தாவதாக விசாவும் சேர்ந்துகொள்கிறது.

அந்த ஐந்தாவது கணக்குதான் மிகவும் சிக்கலானது. 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், கிரீன் கார்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஐந்து ஆண்டுகள் காத்திருந்த பிறகே மெடிகெய்டு கேட்கலாம் என்று விதித்தது. 2009இல் வந்த இன்னொரு சட்டம், சட்டப்படி வசிக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தக் காத்திருப்பை விலக்கிக்கொள்ளும் உரிமையை மாநிலங்களுக்குத் தந்தது. சில மாநிலங்கள் விலக்கின, சில விலக்கவில்லை. ஆக, ஒரே விசாவோடு ஒரே மாதத்தில் வந்த இரண்டு கர்ப்பிணிகளில் ஒருவருக்குக் கிடைப்பது, மாநில எல்லைக்கு அப்பால் இருக்கும் மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். கலிஃபோர்னியா 2024 ஜனவரியில், ஆவணமற்றவர்கள் உட்பட ஏழைகள் அனைவருக்கும் தன் மெடிகெய்டு திட்டத்தைத் திறந்துவிட்டது. 2026 ஜனவரியில் ஆவணமற்ற பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. ஐந்தாண்டுக் காத்திருப்பில் இருந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானமுள்ள சட்டபூர்வக் குடியேறிகளுக்கு 2025 வரை பிரீமியத்தில் மானியம் கிடைத்துவந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை அந்த ஆண்டோடு முடித்துவைத்தது. 2027 ஜனவரி முதல் அந்த மானியம் பெரும்பாலும் கிரீன் கார்டு உள்ளவர்களோடு நின்றுவிடும் என்றும், எச்-1பி போன்ற வேலை விசாக்காரர்களுக்கும் அகதிகளுக்கும் கிடையாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. யாருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு வழக்கறிஞரே கோப்பைத் திறந்துவைத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையோடு வருகிறவர் எப்படிச் சொல்வார்?

நல்ல வேலையும் நல்ல சம்பளமும் உள்ள எச்-1பி ஊழியர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று தோன்றலாம். அவர்களுக்குத்தான் விசாவும் காப்பீடும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. வேலை போனால் நாட்டில் இருக்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். பழைய காப்பீட்டைத் தொடரலாம். ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தின் 102 சதவீதம் வரை தாமே கட்ட வேண்டும். மருத்துவக் கொள்கை ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற கேஎஃப்எஃப் அமைப்பின் 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, வேலைவழிக் குடும்பக் காப்பீட்டின் சராசரிப் பிரீமியம் ஆண்டுக்கு 25,572 டாலர். அதில் ஊழியர் பங்கு 6,296 டாலர். வேலை இருக்கும்போது மாதம் 500 டாலருக்குச் சற்று மேல் கட்டியவர், வேலை போன மாதத்தில் 2,000 டாலருக்கு மேல் எண்ணிவைக்க வேண்டும். குழந்தை பிறந்தால் அதை வேலைவழிக் காப்பீட்டில் சேர்க்கச் சட்டம் உறுதிசெய்யும் குறைந்தபட்ச அவகாசம் 30 நாள். பல நிறுவனங்கள் அந்த 30 நாளோடு நிறுத்திக்கொள்கின்றன. பிரசவ வீட்டில் தூக்கமில்லாமல் கழியும் அந்த முப்பது நாளில் படிவத்தை நிரப்ப மறந்தால், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரலாம்.

காப்பீட்டு அட்டை கைக்கு வந்த பிறகும் குழப்பம் தீருவதில்லை. சென்னையிலோ மதுரையிலோ முழங்கால் வலித்தால் நேராக எலும்பு மருத்துவரிடம் போகிறோம். ஃபீஸ் எவ்வளவு என்று வரவேற்பு மேசையிலேயே சொல்லிவிடுவார்கள். பணமில்லாதவர் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். 108ஐ அழைத்தால் வண்டி இலவசமாக வருகிறது. இந்தப் பழக்கங்கள் எதுவும் அங்கே செல்லாது. பல காப்பீடுகளில் முதலில் குடும்ப மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக்கொடுத்த பிறகே நிபுணரிடம் போக முடியும். அந்த நிபுணர் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள மருத்துவர்களின் பட்டியலில், அதாவது நெட்வொர்க்கில், இருக்க வேண்டும். அவர் சொல்லும் ஸ்கேனுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். ஆண்டின் தொடக்கத்தில் டிடக்டிபிள் என்ற தொகை தீரும்வரை செலவின் பெரும்பகுதி நோயாளியின் பையிலிருந்துதான் போகும். வேலைவழித் தனிநபர் காப்பீட்டில் அதன் சராசரி 2024இல் 1,787 டாலர். மாதாமாதம் பிரீமியம் பிடித்தார்களே, பிறகு ஏன் இந்த பில் என்று திகைக்காத புதியவர் இருக்க மாட்டார். இரவில் வயிறு வலித்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கா, அர்ஜென்ட் கேர் மையத்துக்கா, காப்பீட்டு அட்டையின் பின்புறம் உள்ள செவிலியர் எண்ணுக்கா என்ற தேர்வில் பல நூறு டாலர், சில வேளை பல ஆயிரம் டாலர் அடங்கியிருக்கிறது. அந்தத் தேர்வை யாரும் முன்கூட்டி விளக்குவதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு அமெரிக்கச் சட்டம் நோயாளிக்கு எதுவுமே தரவில்லை என்று முடிவு கட்டினால் அது தவறு. என் மனத்தை அதிகம் உறுத்துவது வேறு: பாதுகாப்புகள் இருக்கின்றன, யாருக்காக எழுதப்பட்டனவோ அவர்கள் காதுக்கு அவை எட்டுவதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, மெடிகேர் பணம் பெறும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும், பணம் உண்டா, விசா உண்டா என்று பாராமல் பரிசோதித்து, உயிராபத்து நீங்கும்வரை சிகிச்சை தந்தாக வேண்டும். பில் வராது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்கிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள இன்னொரு சட்டம், அவசர சிகிச்சையின்போது நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கும் மருத்துவர் கையில் சிக்கினாலும் நோயாளியிடம் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாதென்று தடுக்கிறது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து நழுவிவிட்டது. ஆம்புலன்ஸ் என்றாலே இலவசம் என்று பழகியவர்களுக்கு அந்த பில்தான் முதல் அடி.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு, இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் பற்றியது. அமெரிக்க மருத்துவமனைகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்த வகையில் வரிவிலக்கு பெறுபவை. அந்த விலக்குக்கு ஈடாக, வருமானம் குறைந்த நோயாளிகளின் பில்லைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ எழுத்துபூர்வமான நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. சிகிச்சை முடிந்து முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை நோயாளி விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாளுக்குள் வழக்குப் போடுவது போன்ற கடுமையான வசூல் நடவடிக்கைகளில் இறங்கக் கூடாது. ஆனால், எவ்வளவு வருமானம் வரை உதவி என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தானே வகுத்துக்கொள்ளலாம். விண்ணப்பப் படிவத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியவர் நோயாளி. கடன் இருந்தால் விசாவுக்கு ஆபத்து வருமோ என்ற பயத்தில், கிரெடிட் கார்டில் முழுத் தொகையையும் கட்டிவிடும் புதிய குடியேறிக்கு இப்படியொரு படிவம் இருப்பதே தெரியாது. சட்டம் ஒருவருக்குச் சலுகை தந்துவிட்டு, அதைக் கேட்டு வாங்கும் திறமையையும் அவரிடமே எதிர்பார்த்தால், அந்தச் சலுகை ஏற்கெனவே வழி தெரிந்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.

காப்பீட்டு நிறுவனங்கள் மறுக்கும் கிளெய்ம்கள் இதற்கு அசைக்க முடியாத சாட்சி. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஹெல்த்கேர்.கவ் என்ற அரசு இணையச் சந்தையில் விற்கப்படும் காப்பீடுகளைக் கேஎஃப்எஃப் ஆராய்ந்தது. 2023இல் நெட்வொர்க்குக்குள் நடந்த சிகிச்சைகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு கிளெய்ம் மறுக்கப்பட்டிருந்தது. மறுக்கப்பட்டவற்றில் மேல்முறையீடு செய்யப்பட்டவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மேல்முறையீடு செய்யப்பட்டவற்றில் 44 சதவீதத்தில் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு. கேட்கிறவர்களோ நூற்றில் ஒருவர்கூட இல்லை. அங்கேயே பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்தவர்களையும் சேர்த்த கணக்கு இது. மொழி தடுமாறும் புதியவருக்கு அந்த வாய்ப்பு இன்னும் எட்டாது. இத்தனைக்கும் மொழிபெயர்ப்பாளர் உதவி அவருடைய உரிமை. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டமும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும், அரசுப் பணம் பெறும் மருத்துவ நிறுவனங்கள் மொழியுதவியை இலவசமாகத் தர வேண்டும் என்கின்றன. தொலைபேசி வழியே தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். ஆயினும் பல குடும்பங்களில் பாட்டியின் வயிற்று வலியைப் பத்து வயதுப் பேரன்தான் மருத்துவருக்கு எடுத்துச் சொல்கிறான். குழந்தையின் வாயால் நோயை விளக்க வைப்பதை விதிகள் தடுக்கின்றன. ஏனென்றால், பாட்டி பேரனிடம் சொல்லத் தயங்கும் ஓர் அறிகுறியில்தான் நோயின் பெயர் இருக்கக்கூடும்.

வழிகாட்டுவதால் உயிர் பிழைப்பார்களா என்று கேட்கலாம். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் அதற்குப் பதில் இருக்கிறது. அங்கே அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த ஹெரால்டு ஃப்ரீமன், தன்னிடம் வந்த மார்பகப் புற்றுநோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். 1964 முதல் 1986 வரை சிகிச்சை பெற்ற 606 பெண்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினத்தவர். அவர்களில் நோய் முதல் கட்டத்தில் இருந்தபோது வந்தவர்கள் வெறும் 6 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 39 சதவீதம். கட்டி இருப்பது தெரிந்தும் காப்பீடு, படிவம், பயம், அலைச்சல் எல்லாம் சேர்ந்து அவர்களை மாதக்கணக்கில் தள்ளிப்போட வைத்தன. ஃப்ரீமன் புதிய மருந்து எதையும் கொண்டுவரவில்லை. இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ மார்பகப் பரிசோதனை, அதில் சந்தேகம் வந்த ஒவ்வொரு பெண்ணோடும் கூடவே நடக்க 1990 முதல் ஒரு வழிகாட்டி என இரண்டே ஏற்பாடுகள். படிவத்தை நிரப்புவது, அடுத்த பரிசோதனைக்குத் தேதி வாங்குவது, வராவிட்டால் போன் செய்து கேட்பது, பயத்தைப் போக்குவது ஆகியவை அந்த வழிகாட்டியின் வேலை. அடுத்த கணக்கெடுப்பில், தொடக்க நிலையிலேயே வந்தவர்கள் 41 சதவீதமானார்கள். முற்றிய நிலையில் வந்தவர்கள் 21 சதவீதமாகக் குறைந்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 சதவீதத்தைத் தொட்டது. பரிசோதனை மலிவானதும் சிகிச்சை முறைகள் மேம்பட்டதும் இதில் பங்கு பெற்றவை, மறுக்கவில்லை. ஆனால், மலிவான பரிசோதனையை வைத்துக்கொண்டு காத்திருந்தால் மட்டும் அந்தப் பெண்கள் வந்திருக்க மாட்டார்கள். கூட்டிவர ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஹார்லெமின் பாடத்தை அமெரிக்க அரசு பாதி கேட்டது, பாதி மறந்தது. 2005இல் ஜார்ஜ் புஷ் நோயாளி வழிகாட்டிகளுக்கென்றே ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி முதல், புற்றுநோய் போன்ற கடும் நோயுள்ளவர்களுக்கு வழிகாட்டும் வேலைக்கு மெடிகேரே பணம் தருகிறது. வழிகாட்டுவது சிகிச்சையின் பகுதி என்று அந்த நாட்டின் மிகப் பெரிய காப்பீடுகளில் ஒன்றே ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் இதைப் பொருள்கொள்ள வேண்டும். காப்பீட்டில் சேர்த்துவிட உதவும் நேவிகேட்டர்கள் விஷயத்திலோ நிலைமை தலைகீழ். அரசு இணையச் சந்தைக்கான அந்த உதவிக்கு 2016இல் 6 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. 2018இல் அது 1 கோடியாகச் சுருங்கியது. 2021இல் 8 கோடியாக ஏறி, பிறகு 10 கோடியை எட்டியது. 2025 பிப்ரவரியில் மறுபடியும் 1 கோடி என்று அறிவித்தார்கள். இவர்கள் மூலம் காப்பீட்டில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை குறைவு என்பது அரசு சொன்ன காரணம். அந்தக் கணக்கு நேர்மையானது அல்ல. மெடிகெய்டுக்குத் தகுதியானவரை அங்கே அனுப்பிவைப்பது, தவறாக வந்த கடிதத்தைச் சரிசெய்வது, டிடக்டிபிள் என்றால் என்ன என்று விளக்குவது எதுவும் அந்த எண்ணிக்கையில் வராது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஏறி இறங்கும் ஒரு சேவையை நம்பி எந்த நோயாளியும் தன் உடம்பை ஒப்படைக்க முடியாது.

குடியேறிகள் ஏற்கெனவே சுமை, அவர்களுக்கு வழிகாட்டவும் நாங்கள்தான் செலவழிக்க வேண்டுமா என்ற எதிர்வாதம் அங்கே பலமாக ஒலிக்கிறது. ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் 2013இல் வெளியான ஆய்வு இதற்கு எண்களால் பதில் சொன்னது. 2002 முதல் 2009 வரை மெடிகேர் மருத்துவமனை நிதிக்குக் குடியேறிகள் செலுத்திய தொகை, அவர்களுக்காக அந்த நிதி செலவழித்ததைவிட 11,500 கோடி டாலர் அதிகம். காரணம் எளிது. குடியேறிகளில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர்; வரி கட்டுகிறார்கள், முதுமைக்கு இன்னும் வரவில்லை. எச்-1பி ஊழியர் சம்பளத்தின் ஒவ்வொரு நூறு டாலரிலும் ஊழியரும் முதலாளியுமாக 2.90 டாலர் மெடிகேருக்குப் போகிறது. பத்தாண்டு வரி கட்டினால்தான் மெடிகேரின் மருத்துவமனைக் காப்பீடு கட்டணமின்றிக் கிடைக்கும். எட்டு ஆண்டு உழைத்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பும் பொறியாளர் அந்தப் பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். இவர்களைச் சுமை என்பவர்கள் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் புரட்டுகிறார்கள்.

இன்னொரு எதிர்வாதம் நம்மவர்களே சொல்வது: இவ்வளவு படித்தவர்கள், இணையத்தில் எல்லாம் இருக்கிறது, தேடிப் படித்துக்கொள்ள முடியாதா? முடியும், ஓரளவு. ஆனால் இணையத்தில் இருப்பது பொதுத் தகவல். நோயாளிக்கு வேண்டியது தன் அட்டையில் உள்ள திட்டத்துக்கு, தன் ஊர் மருத்துவமனையில், இந்த மாதம் என்ன விதி என்பது. அது ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு, ஒவ்வொரு ஆண்டும் வேறு. படிப்பறிவை அளவுகோலாக வைப்பதில் இன்னொரு பிழையும் உண்டு. குடியேறிகள் எல்லாரும் பொறியாளர்கள் அல்லர். ஓட்டல் சமையலறையிலும் பெட்ரோல் நிலையத்திலும் வேலை செய்பவர்கள், சார்பு விசாவில் வந்து வீட்டோடு இருக்கும் மனைவியர், பிள்ளைகள் கிரீன் கார்டு வாங்கித் தந்ததால் அறுபது வயதுக்கு மேல் ஊர் மாறிய பெற்றோர் எல்லாரும் அதில் அடக்கம். அந்தப் பெற்றோரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கிரீன் கார்டோடு வரும் 65 வயதுக்காரர் ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பிறகே மெடிகேரைக் காசு கொடுத்து வாங்க முடியும். 2025இல் அதன் மருத்துவமனைக் காப்பீட்டுக்கு மட்டும் முழுப் பிரீமியம் மாதம் 518 டாலர். அதுவரை அரசு இணையச் சந்தையில் காப்பீடு வாங்கலாம்; வந்த 60 நாளுக்குள் வாங்குவதற்குத் தனி வாய்ப்பு உண்டு. இது தெரியாமல் வருடக்கணக்கில் காப்பீடே இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. சுற்றுலா விசாவில் பேரக்குழந்தையைப் பார்க்க வருபவர்களுக்கோ பயணக் காப்பீடு மட்டுமே துணை. அதில் மலிவான வகை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் தராது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றைப் பெரும்பாலும் விலக்கிவைக்கும். அறுபதைக் கடந்த தமிழர்களில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விற்பவர்கள் இதை முதல் பக்கத்தில், வாங்குகிறவர் மொழியில் சொல்ல வேண்டும்.

இவற்றைவிடக் கனமான எதிர்வாதம் சீர்திருத்தவாதிகளிடமிருந்து வருகிறது. சிக்கலான அமைப்பை எளிமையாக்குவதை விட்டுவிட்டு அதற்கு வழிகாட்டி நியமிப்பது, நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை தருவதுதானே என்கிறார்கள். 2023இல் மருத்துவத்துக்கு 4.9 லட்சம் கோடி டாலர், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம் செலவழித்த ஒரு நாட்டில் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் காப்பீடின்றி இருந்தார்கள். அடிப்படையே மாற வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அதிபர் ட்ரூமன் 1945இல் தேசியக் காப்பீட்டை முன்மொழிந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று கட்டியைக் கையால் தொட்டுப் பார்க்கும் பெண்ணை அந்தச் சீர்திருத்தம் வரும்வரை காத்திரு என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் பொதுக் காப்பீடு உள்ள கனடாவிலும், ஒன்டாரியோ மாகாணம் புதியவர்களுக்கு மூன்று மாதக் காத்திருப்பை 2020 வரை வைத்திருந்தது. அமைப்பு எவ்வளவு எளிதானாலும் புதிதாக வருகிறவருக்கு அது புதிதுதான்.

இன்னொரு தடையைக் கடக்காமல் எந்த வழிகாட்டியாலும் பயனில்லை. அது பயம். அரசு உதவி பெற்றால் கிரீன் கார்டு மறுக்கப்படலாம் என்ற விதியை 2018இல் விரிவாக்க முனைந்தபோது, அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, குடியேறிக் குடும்பங்களில் ஏழு பெரியவர்களுக்கு ஒருவர், தாமோ வீட்டில் ஒருவரோ அரசு உதவியைத் தவிர்த்ததாக அர்பன் இன்ஸ்டிடியூட் ஆய்வில் சொன்னார். விதி யாரைத் தொடும், யாரைத் தொடாது என்ற நுணுக்கம் பயத்துக்குத் தெரியாது. அமெரிக்கக் குடிமக்களாகப் பிறந்த பிள்ளைகளுக்குரிய உதவியையும் பெற்றோர் கேட்காமல் விடுகிறார்கள். அந்த விதி 2021இல் விலக்கப்பட்டது. ஆனால் 2025இல் மெடிகெய்டு பயனாளிகளின் விவரங்களைக் குடியேற்றத் துறையினரோடு பகிர்ந்துகொண்டு, நீதிமன்றம் தலையிடும் அளவுக்கு அரசு போனது. மருத்துவத்துக்காகக் கொடுத்த முகவரி வேறு எதற்கும் பயன்படாது என்ற உறுதி இல்லாவிட்டால் நோயாளி வாசலிலேயே திரும்பிவிடுவார். தொற்றுநோயோடு திரும்பினால் அந்த நட்டம் அவரோடு நிற்காது.

செய்ய வேண்டியவை நடக்காத காரியங்கள் அல்ல. ஓரெகன் மாநிலம் 2023இல் ஒரு சட்டம் இயற்றி, 500 டாலருக்கு மேல் பாக்கி உள்ள நோயாளி நிதியுதவிக்குத் தகுதியானவரா என்று, பில் அனுப்பும் முன் மருத்துவமனையே சோதித்தாக வேண்டும் என்றது. நோயாளி கேட்க வேண்டியதில்லை. இதை எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக்க வேண்டும். கிளெய்மை மறுக்கும் கடிதத்திலேயே, நிரப்பிக் கையெழுத்திட மட்டுமே வேண்டிய மேல்முறையீட்டுப் படிவம் சேர்ந்து வர வேண்டும். 1965இல் பாஸ்டனில் தொடங்கி இன்று ஆண்டுக்கு 3 கோடிப் பேருக்கு மேல் சேவை செய்யும் சமூக மருத்துவ மையங்கள், வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவதோடு, காப்பீட்டில் சேரவும் உதவுகின்றன. வழிகாட்டிகளை அங்கே நிரந்தர ஊழியர்களாக நியமித்தால் ஆட்சி மாற்றம் அவர்களைத் தொடாது. குடியேற்ற விசா முத்திரை விழும் நாளிலேயே, எந்த மாநிலத்துக்குப் போகிறாரோ அந்த மாநிலத்தின் காப்பீட்டு வழிகளை அவர் மொழியில் கொடுப்பது தூதரகங்களுக்கு முடியாத வேலை இல்லை. எச்-1பி விண்ணப்பத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் செலவழிக்கும் நிறுவனங்கள், புதிய ஊழியரோடும் அவர் துணையோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காப்பீட்டை விளக்கச் செலவழிப்பதையும் சட்டம் கேட்கலாம்.

வாஷிங்டன் இவற்றைச் செய்யும்வரை தமிழர்கள் கையில் இருப்பது தமிழ்ச் சங்கங்கள். 1987 முதல் இயங்கும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை ஆண்டுதோறும் ஜூலையில் ஆயிரக்கணக்கானோரை ஒரே இடத்தில் கூட்டுகிறது. மருத்துவர்களும் காப்பீட்டுத் துறையில் வேலை செய்பவர்களும் வழக்கறிஞர்களும் அந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் பயிற்சி பெற்ற இரண்டு பேரையாவது மருத்துவ வழிகாட்டிகளாக அறிவித்து, அவர்கள் தொலைபேசி எண்ணைப் புதிதாக வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் கொடுக்க வேண்டும். அதுவரை, பில் கையில் வந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: கட்டும் முன் மருத்துவமனையைக் கூப்பிட்டு, ஒவ்வொரு செலவும் தனித்தனியாக எழுதிய பில்லையும் நிதியுதவி விண்ணப்பத்தையும் கேளுங்கள். காப்பீடு மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரை இணைக்கச் சொல்லுங்கள்; அதற்கு அவர்கள் உங்களிடம் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது.